பிறிட்ஜ் கதவில் ஐந்து காஸ்தர்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
01.10.2006, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என்றும் என் மதிப்புக்குரிய அத்தான் சிறீஸ்கந்தராசா அவர்களுக்கு,

மைத்துனன் இரத்தினவேல் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நானும் சிவகாமியும் மகள் துஷ்யாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். உங்கள் வலது முழங்கால் இப்போது படியேற விடுகிறதா, அருள்நாயகி அக்கா கனடாக் குளிருக்குக் காலுறை போடச் சம்மதித்துவிட்டாவா என்றெல்லாம் அறிய விருப்பம். மரியாதைக்கு எழுதவேண்டியதை எழுதிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொண்டுவந்த அமெரிக்கச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்.

மாசி மாதம் நீங்கள் ரெலிபோன் எடுத்து, "பெடியன் பேர் நிருஜன், முப்பது வயசு, அமெரிக்காவிலை ஒரு பேஸ்போல் கழகத்திலை புள்ளிவிபரம் பாக்கிறான், தகப்பன் இல்லை, தாய் சிவநாயகி தங்கமான மனிசி" என்று சொன்னபோது நான் கேட்டது ஒரேயொரு கேள்விதான். பேஸ்போல் என்றால் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அது தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற எங்கள் எல்லே விளையாட்டுப் போல ஏதோ ஒன்று, நல்ல சம்பளத்துக்கு விளையாடுவார்கள் என்று நானே ஊகித்துக்கொண்டேன். "அவையள் சாதி பாக்கிற ஆக்களோ, அத்தான்?" என்றுதான் கேட்டேன். "சீச்சீ, அந்தப் பேச்சுக்கே இடமில்லை" என்றீர்கள். ஏன் கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். சிவகாமியின் தகப்பனார் என்னைத் தன் வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்துப் பேசியவர். எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். பதினொரு வருடம் மகளுக்கு ஒரு வரி எழுதாமல், பேத்தியின் முகத்தையும் பார்க்காமல் கண்ணை மூடியவர். சிவகாமி இன்றைக்கும் அதை நினைத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவாள். எனக்கும் நெஞ்சு எரியும். என் பிள்ளை அப்படியொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் இந்தக் கல்யாணத்தில் என் நிபந்தனை.

சித்திரையில் இருந்து பிள்ளைகள் ரெலிபோனில் கதைத்துப் பழகட்டும், விளையாட்டுக் காலம் முடிந்ததும் தையில் கல்யாணத்தை வைப்போம் என்று முடிவு செய்து, லில்லெஸ்ட்ரோமில் மண்டபமும் பதிந்தாயிற்று. முதல் முதலாக மாப்பிள்ளையோடு நானும் கதைத்தேன். பெடியன் வெட்கப்படுகிற ஆள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "இந்த வருசம் எங்களிட்டை அடிக்க ஆளில்லை அங்கிள், எல்லாம் ஸ்டார்ட்டரை நம்பித்தான் போகுது" என்றான். அடிக்க ஆளில்லை என்றது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, கைநீட்டாத குடும்பம். ஸ்டார்ட்டர் விஷயமும் எனக்குப் புதிதல்ல, என்னுடைய ரொயோட்டாக் காருக்கு இரண்டு தரம் மாற்றியவன் நான். ஆகவே, "தம்பி, ஸ்டார்ட்டர் மட்டும் நல்லாயிருந்து காணாது, பற்றரியையும் பாக்கவேணும்" என்று புத்தி சொன்னேன். அவனுக்குச் சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "அங்கிளுக்கு இதெல்லாம் தெரியுமோ! பற்றரிதான் அங்கிள் எல்லாத்துக்கும் அடிப்படை" என்றான். எத்தனை ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அஞ்சு அங்கிள். ஒரு நாளைக்கு ஒண்டு. அஞ்சும் முடிஞ்சால் திரும்ப முதலாவது." ஒரு காருக்கு ஐந்து ஸ்டார்ட்டரா என்று தலை சுற்றியது. அமெரிக்கா பெரிய நாடு, தூரமும் கூடத்தானே என்று நினைத்து மேலே கேட்கவில்லை. இருபது நிமிடம் கதைத்து இரண்டு பேரும் பரம திருப்தியோடு ரெலிபோனை வைத்தோம்.

வைகாசியில் தாயார் சிவநாயகி எடுத்து சிவகாமியோடு கதைத்தா. சுகம் விசாரித்த கையோடு, "எங்கடை வீட்டிலை இப்ப எல்லாம் பிச்சரிலைதான் இருக்கு. ஸ்டார்ட்டிங் பிச்சர் சரியில்லையெண்டால் ஒருத்தருக்கும் சாப்பாடு இறங்காது" என்றாவாம். சிவகாமி ரெலிபோனை வைத்துவிட்டு அழுதாள். நாங்கள் முதல் முதலில் அனுப்பிய படம், துஷ்யா ஆஸ்பத்திரி வேலை உடுப்போடு ஒரு கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்ற படம், அத்தான். அதைப் பார்த்து அங்கே சாப்பாடு இறங்கவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? துஷ்யா மாட்டேன் மாட்டேன் என்று நிற்க, சேலை உடுத்தி ஸ்ரூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய், பக்கவாட்டில் ஒன்று, நேரே ஒன்று, பூச்சாடியோடு ஒன்று, பூச்சாடி இல்லாமல் ஒன்று என்று நாலு படம் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். "படங்கள் நல்ல வடிவு, ஆனால் ஏன் நாலு?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறா. "முந்தினதோடை சேர்த்து அஞ்சு பிச்சர்" என்று சிவகாமி சொன்னதும், "அப்ப நீங்களும் அஞ்சு வைச்சிருக்கிறியளோ!" என்று விழுந்து விழுந்து சிரித்தாவாம். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆவணி மாதம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இங்கே ஒரு மொழி விளக்கம் சொல்லவேண்டும். நோர்வேக்காரரின் மொழியில் "காஸ்தே" என்றால் சாதி. பல சாதிகள் என்றால் "காஸ்தர்". அதே "காஸ்தே" என்ற சொல்லுக்கு எறிவது என்றும் பொருள் உண்டு. நான் பராமரிப்பாளராக வேலை செய்யும் இந்தக் குடியிருப்பில் "இங்கே குப்பை எறியாதீர்கள்" என்று அந்தச் சொல்லை வைத்துத்தான் பன்னிரண்டு வருடமாக அறிவித்தல் ஒட்டி வருகிறேன். சாதிக்கும் எறிவதற்கும் ஒரே சொல்லை வைத்த இவர்களுடைய மூளையை மெச்சி, மொழி வகுப்பில் படித்த அன்றே சிவகாமிக்குச் சொல்லிச் சிரித்தவன் நான்.

ஒரு நாள் காலையில் பால் எடுக்கப் போனால், பிறிட்ஜ் கதவில் துஷ்யாவின் கையெழுத்தில் ஒரு தாள். தலைப்பு, "நிருஜன், காஸ்தர்". அதன் கீழே ஒன்று முதல் ஐந்து வரை இலக்கம் போட்டு நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன். ஒன்று, வலங்கை, மிகவும் உயர்ந்தது. இரண்டு, இடங்கை, நல்லது. மூன்று, வலங்கை, பரவாயில்லை. நான்கு, இடங்கை, பழையது. ஐந்து, வலங்கை, பலவீனம். அத்தான், நான் உயர்தரப் பரீட்சைக்குச் சரித்திரம் எடுத்தவன். சோழர் காலத்தில் சாதிகளை வலங்கை, இடங்கை என்று பிரித்து வைத்திருந்ததைப் பாடமாக்கி எழுதிச் சித்தியடைந்தவன். அவ்வளவு பழைய வழக்கத்தை அமெரிக்காவில் ஒரு குடும்பம் இன்னும் கட்டிக்காக்கிறது என்று கண்டதும் பால் எடுக்க வந்ததையே மறந்துவிட்டேன். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் சிறு சிறு கோடுகள் வேறு. ஒன்றாவதுக்குப் பதினேழு, ஐந்தாவதுக்கு மூன்று. அவர்களுடைய சொந்தக்காரரில் எந்தச் சாதியில் எத்தனை பேர் என்ற விபரம் என்று விளங்கிக்கொண்டேன். சிவகாமியும் வந்து எட்டிப் பார்த்து, "இதிலை நாங்கள் எத்தினையாவது?" என்று கேட்டாள். "சீ, அப்பிடி யோசிக்கவே கூடாது" என்று அதட்டி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். பியோர்ண்டாலில் இருக்கும் அவளுடைய சிநேகிதி ஜெனிதா வந்திருந்த அன்று இரண்டு பேரும் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு கதைத்தது எல்லாம் கேட்டது. "நிருஜன்டை அம்மா காலமை எழும்பினவுடனை கேக்கிறது, 'இண்டைக்கு என்ன காஸ்தர்' எண்டுதானாம். ஒண்டாவது எண்டால் பாட்டுப் பாடுவாவாம். அஞ்சாவது எண்டால் முகம் தொங்கிப்போடுமாம்" என்றாள் என் மகள். "உனக்கு இது அலுக்கேல்லையோ?" என்று ஜெனிதா கேட்டாள். "முதல் அலுப்பாத்தான் இருந்தது. இப்ப நானும் அதைத்தான் பாக்கிறன்" என்றாள் துஷ்யா. நான் வளர்த்த பிள்ளை, அத்தான்! நேரே போய்க் கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

அவளைக் கேட்காமல் நேற்று அந்த அம்மாவுக்கே ரெலிபோன் எடுத்தேன். "நீங்கள் அஞ்சு வைச்சு, ஒண்டு உசத்தி அஞ்சு பதிவு எண்டு பாக்கிறியளாம், உண்மையோ?" என்று நேரடியாகவே கேட்டேன். அவ கொஞ்சமும் கூசாமல், "ஓம் அண்ணை, எல்லா இடமும் அப்பிடித்தானே. ஒண்டாவது வாற நாளிலை நான் கோயிலுக்கும் போறேல்லை" என்றா. எங்களுக்கு உங்கள் ஐந்தும் வேண்டாம் என்றேன். "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை, அஞ்சாவது இப்ப திருந்தி வருகுது. நாலாவதைத்தான் வாற வருசம் வித்துப்போட்டு வேறை ஒண்டு எடுக்கப்போயினமாம்" என்றா. சாதியை விற்று வேறொன்று எடுக்கலாம் என்பது இந்த ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ரெலிபோனை வைத்தேன். வைத்த கையோடு லில்லெஸ்ட்ரோம் மண்டபக்காரருக்கு எடுத்து, தை மாதப் பதிவை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். துஷ்யாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் காலையில் இருந்து கொம்பியூட்டருக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். கழகத்துக்கு இன்று கடைசி ஆட்டமாம். வென்றால்தான் அடுத்த சுற்றாம். எங்கள் வீட்டில் எது முடியப்போகிறது என்று தெரியாமல் இருக்கிறாளே என்று அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே நீங்களே பக்குவமாக அவர்களுக்கு எடுத்துச் சொல்லி இதை நிறுத்திவிடவேண்டும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் உண்டு. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கந்தசாமியார் உங்கள் முழங்காலுக்கும் என் புத்திக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மைத்துனன்,
வே. இரத்தினவேல்

பி.கு. திங்கட்கிழமை காலை. மேலே எழுதிய எல்லாவற்றையும் எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். கடித உறையை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டேன். வேலைக்குப் போக எழும்பிய துஷ்யா எடுத்து வாசித்து, குசினி நிலத்தில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேஸ்போலில் பந்து எறிகிறவருக்கு அமெரிக்காவில் பெயர் பிச்சராம், நோர்வேயில் காஸ்தராம். ஆட்டத்தைத் தொடங்கி எறிகிறவர்தான் ஸ்டார்ட்டராம். அப்படி ஐந்து பேர் முறைவைத்து எறிவார்களாம், வலக்கையால் மூன்று பேர், இடக்கையால் இரண்டு பேர். எறிகிறவரையும் அவர் எறிவதைப் பிடிக்கிறவரையும் சேர்த்துப் பற்றரி என்பார்களாம். கோடுகள் அவரவர் வென்ற ஆட்டங்களாம். மாப்பிள்ளை வெட்கத்தில் இதைத் தவிர வேறொன்றும் கதைக்கத் தெரியாமல் நின்றதால், அவனோடு கதைக்கவென்றே பிள்ளை இதைப் பாடமாக்கியிருக்கிறாள். என் பிள்ளைக்கு அவனை அவ்வளவு பிடித்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது.

கழகம் வென்றுவிட்டதாம், அத்தான். பந்தை அடிக்க ஆளில்லாமல் இந்த ஐந்து பேரின் கையை நம்பியே இவ்வளவு தூரம் வந்த கழகமாம். நேற்று மற்ற நாலு பேருக்கும் கை ஓய்ந்துபோக, வேறு வழியில்லாமல் ஐந்தாவது ஆளை விட்டிருக்கிறார்கள். அவரே முதலில் இருந்து கடைசிவரை எறிந்து, ஒன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் வெல்ல வைத்தாராம். சிவநாயகி அம்மா பாயாசம் காய்ச்சினாவாம். நான் ஏன் ஐந்தும் வேண்டாம் என்றேன் என்று அவ இரண்டு நாளாகக் குழம்பிப்போய் இருக்கிறாவாம், நீங்கள் ஏதாவது சொல்லிச் சமாளிக்கவும். மண்டபக்காரர் எங்கள் நாளை ஒரு பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். பியோர்ண்டாலில் வேறு இடம் பார்க்கிறேன். கல்யாணம் தையில்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மேலே எழுதும்போது மறைத்துவிட்டேன். சிரித்து முடிந்ததும் துஷ்யா என்னைப் பார்த்து, "அப்பா, அம்மா கேக்கிறதுக்கு முதலே நீங்கள் அந்தத் தாளிலை விரல் வைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். நான் கண்டனான். எத்தினையாவதிலை வைச்சனீங்கள்?" என்று கேட்டாள். மூன்றாவதில் வைத்தேன், அத்தான். ஐந்தாவது இல்லைத்தானே என்று கொஞ்சம் ஆறுதலும் பட்டேன். படலைக்கு வெளியே நிறுத்தினாரே என்று மாமனாரை இருபத்தெட்டு வருடமாகத் திட்டுகிற நான்தான். பிள்ளைக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. "இந்தக் கடிதத்தை இப்ப என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டேன். அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "காஸ்த் தே, அப்பா" என்றாள். அதை எறியுங்கோ என்று அர்த்தம். எதை என்று கேட்பதற்குள் ரயிலுக்கு ஓடிவிட்டாள்.