கோபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்கள்

உலக சமாதானம் லேசுப்பட்ட காரியமல்ல. அதற்கு ஒரு குன்று வேண்டும், குன்றின்மேல் கோபுரம் வேண்டும், கோபுரத்தில் தூரக்கண்ணாடி வேண்டும். கிழக்குக் காங்கோவில், கிட்டுலு கிராமத்துக்கு மேலே முகாமிட்டிருந்த, உலக நாடுகள் அனுப்பிய நீலத் தொப்பிப் படையிடம் எதற்கும் குறைவில்லை. குளிர்சாதன அறைகளும் உண்டு. சமாதானம் வெயிலில் கெட்டுப்போகும் பண்டமாயிற்றே.

மசீக்காவுக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது. காட்டுக் கும்பல் பக்கத்து ஊரைக் கொளுத்திவிட்டது. இங்கே அவள் தங்கை கன்யேரே பிள்ளை பெற்று, எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, இருப்பதா? கேட்டுவிடலாமென்று முகாம் வாசலுக்குப் போனாள்.

தளபதி ஆழ்ந்து யோசித்தார். “நிலைமையைக் ‘கூர்ந்து பார்த்து’ வருகிறோம்” என்று திருவாய் மலர்ந்தார்.

மொழிபெயர்ப்பாளன் பலூக்கு உள்ளூர்க்காரன். அவர்களுடைய சுவாஹிலியில் பார்ப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் ஒரே சொல்தான்.

“பாத்துக்குவாங்களாம் அக்கா” என்றான்.

“நல்லாக் கேட்டுச் சொல்லு பலூக்கு. இவ நடக்க மாட்டா. ஓடுறதுன்னா இப்பவே தூக்கணும்.”

“அவரே தன் வாயால சொல்லிட்டாரு. அப்புறம் என்ன பயம்? போயி அடுப்பப் பத்த வை.”

மசீக்கா வீட்டுக்கு வந்து, கட்டிய மூட்டையை அவிழ்த்து, மரவள்ளிக் கீரையை இடித்து அடுப்பில் வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு தங்கை வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் கும்பல் வந்தது. மசீக்கா பச்சைப்பிள்ளையை வாரிக்கொண்டு குன்றேறி ஓடினாள்.

“தங்கச்சி உள்ள கெடக்கா ஐயா. வண்டிய எடுங்க, சுடுறானுங்க.”

“எங்களையா?” என்று தளபதி விசாரித்தார்.

“இல்ல, எங்களத்தான்.”

“அப்படியானால் விதி இடம் தராது. எங்களைச் சுட்டால்தான் நாங்கள் சுடலாம். ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.”

பலூக்குவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசி வாக்கியத்தை அவன் மொழிபெயர்க்கவில்லை. கீழே கன்யேரேயின் கூரை எரிந்துகொண்டிருந்தது.

கும்பல் போய் ஊர் ஆறியபின் படை வீரத்துடன் இறங்கியது. தார்ப்பாய், வாளி, சோப்பு எல்லாம் வந்தன. இத்தனை தாராளம் எந்தப் படைக்கு வரும்? தளபதி மசீக்காவிடம் வாளியை நீட்டினார்.

“வருந்துகிறோம். கோபுரத்துக்கு இன்னும் சக்தி வாய்ந்த தூரக்கண்ணாடி கேட்டிருக்கிறோம். இனி உங்களை மேலும் நன்றாகப் பார்ப்போம்.”

பலூக்கு தலைகுனிந்தபடி இதைச் சொன்னான். மசீக்கா வாளியை வாங்கவில்லை. முதுகில் தங்கையின் பிள்ளையைக் கட்டியிருந்தாள்.

“வேணாம் ஐயா. யாரும் பாக்கலன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அவளத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். வீட்டக் கொளுத்தினது அவனுங்க. அவள அங்க படுக்க வச்சது நீங்க.”