பல்ஸ்காரரின் ரயில்

உலகத்தில் ரயிலை ஓட்டுகிறவர்கள் உண்டு, ரயிலில் போகிறவர்கள் உண்டு. ரயிலைப் புறப்பட வைக்கும் முயற்சியிலேயே பிறவிப்பயனை அடைந்துவிடுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அந்த இனத்தைச் சேர்ந்தவர்தான் பல்ஸ்காரர். பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை நகர்த்தாமல் இருக்கிறார். மாலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் பொம்மை ரயிலை.

பொம்மை என்று நான் சொன்னதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அது மாடல் ரயில். பன்னிரண்டு வோல்ட் மோட்டார். மின்சாரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினால் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு திடுக்கென்று குதிக்கும். முழு மின்சாரத்தையும் இடைவெளி விட்டு விட்டு, நொடிக்கு நூறு குட்டித் துடிப்புகளாகக் கொடுத்தாலோ பூப்போல நகரும். அந்தத் துடிப்புதான் பல்ஸ். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே அவர் இதை டாக்டருக்கு விளக்கியிருக்கிறார்.

ரயில் ஓடியதா? அதை மட்டும் கேட்காதீர்கள். மோட்டார் முனகுகிறது என்று இரண்டு வருடம், முனகல் நின்றதும் சூடாகிறது என்று இரண்டு வருடம், சூடு தணிந்ததும் திரும்ப முனகுகிறது என்று இன்னும் இரண்டு வருடம், துடிப்பைக் கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டியைப் பிரிப்பதும் பூட்டுவதுமாகப் போக, ஆறு வருடமாக அந்தக் குடும்பம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறது.

கடைசியில் மனைவி கெடு வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அக்காவும் மாமாவும் வர்றாங்க. அன்னைக்கு இது ஒரு சுத்து ஓடணும். இல்லேன்னா மேசை எனக்கு."

ஞாயிறும் வந்தது. விருந்தினர் மடியில் தட்டோடு உட்கார்ந்தார்கள். பல்ஸ்காரர் கன்ட்ரோலர் குமிழைத் திருகினார்.

"ஆரம்பிங்க," என்றார் பைக் மெக்கானிக்கான சகலை.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு. சக்கரத்தையே உத்துப் பாருங்க."

பார்த்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கையும் கழுவியாயிற்று. ரயில் இரண்டு சாண் போயிருந்தது. குதி இல்லை, முனகல் இல்லை. பல்ஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சகலைக்குக் கொட்டாவி வந்தது.

சகலை எழுந்து வெளியே போனார். தன் பைக் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கன்ட்ரோலரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு ஒயர்களைத் தண்டவாளத்தில் வைத்தார். ரயில் ஒரு குதி குதித்து, மேசைமேல் மூன்று சுற்று சுற்றிப் பறந்தது.

"ஏங்க, ஓடுதுங்க! நம்ம ரயில் ஓடுதுங்க!"

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஆறு வருடமாகிறது. கெடுவும் தீர்ந்தது, மேசையும் தப்பியது. அந்த நேரத்தில் ஒரு மனிதர் செய்ய வேண்டியது என்ன? வாயை மூடிக்கொண்டு இருப்பது. அது அவரால் முடியுமா?

"இதெல்லாம் ஒரு ஓட்டமா? கிளம்பறப்போ எப்படிக் குதிச்சுது பார்த்தியா? இதைக் கணக்குல சேர்க்க முடியாது."

சிரிப்பு நின்றது.

"சரி, சேர்க்கலை," என்றாள் மனைவி.

திங்கட்கிழமை அந்தக் குடும்பம் மேசையில் சாப்பிட்டது. பல்ஸ்காரரும்தான், தலையைக் குனிந்தபடி.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். "இன்னும் கொஞ்சம் சரிபண்ணிட்டுக் காட்டறேன்" என்று நீங்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லி எத்தனை வருடமாகிறது? அவர் கேட்பதை நிறுத்தி எத்தனை வருடமாகிறது?