மேகத்துக்குப் போன லிஃப்ட்

மாவு டப்பாவுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் டப்பாவைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எடுக்கக் கூடாது. போன், டிவி எதுவும் இல்லாம கைவேலையும் கதையுமா வளர்க்கிற அந்த வால்டார்ஃப் பள்ளியில நம்ம பொண்ணுக்கு இடம் வேணுமா வேணாமா? வீடும் பள்ளி மாதிரியே இருக்கணும்."

சாப்பிடும்போதுகூடப் போனை விட்டு நிமிராத மனிதர், ஒரே மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். டிவி பரணுக்கு ஏறியாயிற்று. பேட்டரி பொம்மைகள் பக்கத்து வீட்டுக்குப் போயாயிற்று. இனி கையால் தைத்த பொம்மைதான். அதற்கும் முகம் கூடாது, குழந்தையே கற்பனை செய்துகொள்ளும் என்றாள் மனைவி. பழைய பனியனில் அவரே ஒன்று தைத்துக் கொடுத்தார்.

"இது ஏன்ப்பா அழுவுது?" என்றாள் மகள்.

"அழலைம்மா. அதுக்கு முகமே இல்லையே."

"அதனாலதான் அழுவுது."

பொம்மையைச் சமாதானப்படுத்தப் போர்வை தைக்க உட்கார்ந்தவர், அதைத் தன் பேன்ட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டார். பிரிக்கப் போனால் பேன்ட்தான் கிழிந்தது. அப்புறம் கதை. கடைசி மாடியில் நிற்காமல் மேகத்துக்குள் ஏறிப்போன லிஃப்டின் கதை. தினமும் அதே கதையைத்தான் சொல்ல வேண்டுமாம். ஒரு வார்த்தை மாறினாலும் மகள் விடமாட்டாள்.

"நேத்து கதையில காக்கா லிஃப்டுக்கு இடது பக்கம் உட்கார்ந்துச்சுப்பா."

போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் காவலாளி வாசலில் மூச்சிரைக்க நின்றார்.

"போனை எடுக்க மாட்டீங்களா? மேனேஜர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாருங்க."

போர்வை தொங்கும் பேன்ட்டோடு ஓடினார். ஓடிய வேகத்தில் லிஃப்ட் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டார். காவலாளி அதை எடுக்கத் திரும்பி ஓட, உள்ளே மேனேஜர் புலம்பத் தொடங்கினார்.

"மூச்சு முட்டுதுய்யா. ஏதாவது பேசு."

மெக்கானிக்குக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "ஒரு ஊர்ல ஒரு லிஃப்ட் இருந்துச்சு சார். அது கடைசி மாடியிலயும் நிக்காம மேல போய்க்கிட்டே இருந்துச்சு..."

"நிக்கவே நிக்காதா?" புலம்பல் அலறலானது.

சாவி வந்து, கதவு திறந்து வெளியே வந்த மேனேஜர் முகத்தில் ரத்தமே இல்லை. "இனிமே ஒரு தடவை போனை எடுக்கலைன்னாலும் வேலைக்கு வராதீங்க," என்றார்.

மறுநாள் காலை மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஆசிரியை தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், போன் விஷயத்துல மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க. வேலை போயிடும். மத்தபடி தையலோ பொம்மையோ கதையோ எதையும் விட மாட்டேன். நீங்களே நிறுத்தச் சொன்னாலும் இனிமே முடியாது. இவளுக்கு மட்டும் இடம் இல்லைன்னு சொல்லிடாதீங்க."

ஆசிரியை குழம்பிப்போய் அவரைப் பார்த்தார்.

"குழந்தைக்குப் போன மாசமே இடம் கொடுத்துட்டோமே சார். உங்களையும் சேர்த்துக்க முடியுமான்னுதான் உங்க வீட்டம்மா கேட்டுட்டுப் போனாங்க."