வீட்டில் மட்டும் பாடும் கிட்டார்

"இப்ப வாசிங்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு லூர்துசெல்வி டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

செங்கோடன் வாசித்தான். கிட்டார் ஒரு குறையும் இல்லாமல் பாடியது.

டீச்சர் அதைப் பிடுங்கித் தானே வாசித்துப் பார்த்தார். அவருக்கும் பாடியது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"நேத்துக் காலையில கொண்டாந்து உங்க வீட்டம்மாகிட்டக் குடுக்கறப்பக்கூட ஆட்டுக்குட்டியாட்டம் கத்துச்சுங்க. கம்பியை அமுக்கி அமுக்கி என் விரலைப் பாருங்க, கோடு கோடா. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க டீச்சர்."

"அப்ப உங்க ஊட்டுல மட்டும் எப்படிங்க பாடுது? உங்களைக் கண்டா பயப்படுதா?"

அதுதான் செங்கோடனுக்கும் விளங்கவில்லை. சேலத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ராவின் கிட்டார்களையெல்லாம் பழுது பார்த்த கை அவனுடையது. பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக் வேலை. ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்த கையோடு, 'கிட்டார் ரிப்பேர், மாலை நேரம் மட்டும்' என்று வாசலில் போர்டு மாட்டினான். முதலில் வந்தது டீச்சரின் கிட்டார். கம்பியை முறுக்கும் ஆணி ஒன்று பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கொண்டுவந்தார். ஆணி சரியாகிவிட்டது. ஆனால் மஞ்சக்குட்டையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனதும் கம்பிகள் கழுத்தைவிட்டு மேலே எழும்பிக்கொண்டன.

கம்பி எழும்பினால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் செங்கோடன் சொல்வான். "உயரமா இருக்கற கம்பியை அமுக்க அதிக தூரம் போகணும். தூரம் போனா கம்பி இழுபடும். இழுபட்டா சுருதி ஏறிப்போகும். கத்தறது அதுதானுங்க." எல்லாம் சரி. எதனால் எழும்புகிறது என்பதுதான் தெரியவில்லை.

"வர்ற சனிக்கிழமை என் தம்பிக்குக் கல்யாணம்" என்றார் டீச்சர். "மாதா கோயில்ல நான்தான் வாசிச்சுப் பாடறேன். எங்க ஸ்கூல் மியூசிக் மாஸ்டரும் வர்றாரு. இது நல்லாப் பாடுச்சுன்னா ஸ்கூல்ல மூலையில கிடக்கற கிட்டாரெல்லாம் ரிப்பேருக்கு உங்ககிட்டத்தான். அங்கயும் கத்துச்சுன்னா, வாசல் போர்டை நானே வந்து கழட்டிருவேன்."

அவர் போன பிறகு அவன் மனைவி வள்ளி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, டீச்சர் சொன்னா செய்வாங்களாட்டம் இருக்குது."

"கம்பி மெலிசு. ஜீப்பு குலுக்கல்ல நிலை தவறுது. மொத்தமான கம்பி போட்டா அசையாது."

வீட்டில் இரண்டே அறைகள். தெருவைப் பார்த்த முன் அறையில் சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம். ஐப்பசி மாத மூடுபனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து போகும். சரிவை ஒட்டிய பின் அறை அப்படியில்லை. கதகதவென்று இருக்கும். வெறுங்காலோடு நின்றால் தரையே இதமாகச் சுடும். அதைத்தான் செங்கோடன் பட்டறையாக்கியிருந்தான்.

"நாம அங்க படுத்துக்கிட்டு, இந்தக் கிட்டாரைக் கொண்டாந்து இங்க வெச்சா என்னங்க?" வள்ளி வந்த நாளிலிருந்து கேட்கிற கேள்வி இது.

"குளிரு கிட்டாருக்கு ஆகாது வள்ளி."

"எனக்கு மட்டும் ஆகுமா?"

"அந்த ரூமு ஏன் சூடா இருக்குது தெரியுமா? மேக்குப் பாத்த செவுரு. சாயங்கால வெயிலை வாங்கி உள்ள வெச்சுக்குது. ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா விடுது."

"ஒரு வாரமா வெயிலே அடிக்கலீங்களே?"

"முந்தி வாங்கினதைச் சேத்து வெச்சிருக்கும்."

வள்ளி இரண்டாவது கம்பளியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

தடித்த கம்பி போட்ட கிட்டார் பின் அறையில் கம்பீரமாகப் பாடியது. மஞ்சக்குட்டைக்குப் போனது. மறுநாள் காலையில் எக்ஸ்சேஞ்சுக்கே டீச்சரின் போன் வந்தது.

"முன்ன ஆட்டுக்குட்டி. இப்ப எருமைக்கன்னு. கம்பியை அமுக்க இன்னொரு ஆளு வேணுமுங்க."

அன்று சாயங்காலம் போய் வாங்கி வந்தான். ஓர் இரவு பின் அறையில் இருந்தது. விடிந்ததும் பார்த்தால் கம்பிகள் சொன்ன இடத்தில் படிந்து கிடந்தன. கோளாறு கண்ணில் பட்டால்தானே கைவைக்க முடியும்? இது வீட்டு வாசலைத் தாண்டினால் நோயாளி, திரும்பி வந்தால் பயில்வான்.

'குலுக்கல்தான், சந்தேகமே இல்லை' என்று தீர்மானித்தான். கிட்டாரைக் கம்பளியில் சுற்றி, மடியில் கிடத்தி, மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறினான். ஒவ்வொரு வளைவிலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டான்.

பக்கத்தில் ஆரஞ்சு மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"கொழந்தைக்கு என்னங்க சாமி, காய்ச்சலா?"

"இல்லீங்க."

"தலையைக் கொஞ்சம் வெளிய விடுங்க. மூச்சு முட்டப்போவுது."

செங்கோடன் கம்பளியை விலக்கிக் கிட்டாரின் கழுத்தைக் காட்டினான். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவன் பக்கமே திரும்பவில்லை.

டீச்சர் வீட்டில் இறக்கி வாசித்தபோது நன்றாகவே பாடியது. செங்கோடன் வெற்றிப் புன்னகையோடு காப்பி குடித்துவிட்டு வந்தான். அடுத்த நாள் மறுபடி போன்.

"கத்துது."

ஒரே சொல். வைத்துவிட்டார்.

அன்று முழுக்க யோசித்ததில் அவனுக்குப் பாதி உண்மை பிடிபட்டது. மரம் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் ஊதும். மேற்பலகை ஊதினால் அதன்மேல் ஒட்டியிருக்கும், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை உயரும். பிரிட்ஜ் உயர்ந்தால் கம்பி எழும்பும். ஆக, குற்றவாளி டீச்சர் வீட்டு ஈரம்!

அவன் உடனே போன் போட்டான். "டீச்சர், துணி பூசணம் பூக்காம இருக்க பீரோவுக்குள்ள பல்பு எரிய விடுவீங்கல்ல? அதுக்குப் பக்கத்துல கிட்டாரை வெச்சுருங்க. ஈரம் கிட்ட வராது."

"அப்படி வெச்சாச் சரியாயிருமா?"

"நான் பொறுப்புங்க."

வியாழக்கிழமை மாலை டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். கிட்டாரை மேசைமேல் வைத்துவிட்டு விலகி நின்றார். மேற்பலகையில் பிரிட்ஜிலிருந்து அடிவிளிம்புவரை ஒரு விரிசல் ஓடியது. பல்புக்கு நேர்ப் பக்கம்.

"டீச்சர்..."

"நாளன்னைக்குக் கல்யாணம்" என்றார் அவர். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இது எங்க அப்பா வாங்கிக் குடுத்த கிட்டாருங்க. தம்பி கல்யாணத்துல இதைத்தான் வாசிக்கணும்னு அவரு சொல்லிட்டுப் போனாரு. வேற கிட்டாரு எனக்கு வேண்டாம்."

அவர் போன பிறகு செங்கோடன் விரிசலை விரலால் தடவிப் பார்த்தான். போர்டு போனால் போகட்டும். ஒரு அப்பாவின் ஆசையை அல்லவா உடைத்து வைத்திருக்கிறான்!

"ஏனுங்க" என்றாள் வள்ளி மெல்ல. "இந்த ரூமும் ஜில்லுன்னு ஆயிருச்சு, கவனிச்சீங்களா? நேத்துல இருந்தே."

"பாத்தியா, நான் சொன்னேன்ல? செவுரு சேத்து வெச்சிருந்த வெயிலு தீந்துபோச்சு."

அதற்குமேல் விளக்க அவனுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எக்ஸ்சேஞ்சுக்கு லீவு சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தான். ஆச்சரியம்! விரிசல் தானாகவே பாதி மூடியிருந்தது. உள்பக்கம் கைவிட்டு, வச்சிரப் பசை தடவி, மெல்லிய பட்டையொன்று ஒட்டி இறுக்கினான். தடித்த கம்பியைக் கழற்றி எறிந்து பழைய மெல்லிய கம்பியையே மாட்டினான். மீட்டினான்.

கிட்டார் கத்தியது.

முதல்முறையாக அவன் வீட்டிலேயே, அவன் கண்முன்னாலேயே கத்துகிறது! வள்ளி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"போச்சா?"

"போச்சு. இல்லையில்ல, இரு. இத்தனை நாளு ஒளிஞ்சுக்கிட்டிருந்தது இப்பத்தான் மாட்டியிருக்குது."

கம்பிகள் அரை விரல் கனத்துக்கு எழும்பி நிற்பதை அவன் குனிந்து பார்த்தான். பிரிட்ஜின்மேல் கம்பிகளைத் தாங்கும் எலும்புப் பட்டையை உருவி எடுத்தான். அதை அரம் போட்டுக் குறைத்தால் கம்பி தாழும். கொஞ்சம் அதிகமாகக் குறைத்துவிட்டால் கம்பி கழுத்தில் உரசிக் கரகரவென்று இரையும். இன்னொரு எலும்புப் பட்டைக்குச் சேலம் போய்வர நேரமில்லை. ஒரு தேய், மாட்டு, மீட்டு. மறுபடி ஒரு தேய், மாட்டு, மீட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டே செய்தான். வள்ளி வெளிச்சத்துக்கு டார்ச் பிடித்தாள். கடைசியில் கிட்டார் பாடியது.

ஆனால் வீட்டில் பாடுவது எப்போதும் நடப்பதுதானே?

சனிக்கிழமை கோயிலில் செங்கோடன் கடைசித் தூணை ஒட்டி நின்றான். வெளியே அடைமழை. ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே புகுந்து மெழுகுவர்த்திகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. கிட்டார் முந்தின நாளே டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டது. ஓர் இரவு முழுக்க அந்த ஈரத்தில் இருந்திருக்கிறது. கத்தாமல் இருக்க ஒரு காரணமும் அவனுக்குத் தோன்றவில்லை. மணப்பெண் வாசலுக்கு வந்தாள். டீச்சர் கிட்டாரைத் தூக்கிக் கழுத்தில் மாட்டினார். கூட்டத்தைத் தாண்டி அவர் கண் செங்கோடனைத் தேடிப் பிடித்தது. அவன் தூணுக்குப் பின்னால் ஒரு அடி நகர்ந்தான்.

முதல் மீட்டல்.

சுத்தமாக இருந்தது. இரண்டாவதும். டீச்சரின் குரல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாட்டு முடியும்வரை ஒரு கம்பிகூடப் பிசகவில்லை. செங்கோடன் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விருந்தில் டீச்சர் தானே வந்து அவன் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

"இவ்வளவு தெரிஞ்சவரு, இதை மொதல்லயே பண்ணியிருக்கலாமில்லீங்க? வேணும்னே அலைய விட்டீங்களா?"

டீச்சர் கொடுத்த வாக்கை மியூசிக் மாஸ்டர் காப்பாற்றினார். அன்று மாலையே பள்ளிக்கூட ஜீப் வீட்டு வாசலில் வந்து நின்றது. பின் அறையில் சுவரோரமாகக் கிட்டார்கள் வரிசையாகப் படுத்தன. கால் வைக்க இடமில்லை.

"எல்லாம் அந்தப் பட்டை ஒட்டின சூட்சுமம்" என்று செங்கோடன் விளக்கினான். "விரிசல் விட்டதே நல்லதுக்குத்தான் வள்ளி. பலகையில இருந்த இறுக்கமெல்லாம் அதுவழியா வெளிய போயிருச்சு. இதுக்கெல்லாம் இப்படியே ஒரு விரிசல் விட்டு..."

"சாமி, அதை மட்டும் பண்ணிராதீங்க" என்றாள் வள்ளி, கம்பளிக்குள்ளிருந்து.

வாசலில் யாரோ இருமினார்கள். காக்கிச் சட்டையும் தலையில் துண்டுமாக ஒருவர் நின்றார். முழங்கைவரை கரி.

"ஏனுங்க, கீழ்ரோட்டு லாட்ஜுல இருந்து வர்றேனுங்க. பேரு பெரியண்ணன். ரூமுகளுக்கு வெந்நீர் காய்ச்சறது நானுங்க. முதலாளி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொன்னாருங்க."

"எங்ககிட்டயா? என்னங்க?"

"பொதங்கிழமையில இருந்து செப்புக் கொப்பரை ஓட்டைங்க, அடுப்பே பத்த வெக்கல. இப்பத்தான் சரியாச்சு. இனி ராத்திரி பகலா எரியும். சரிவுல கட்டுன கட்டடம் பாருங்க, எங்க வெந்நீர் அடுப்பு உங்க பின் ரூமுக்கு நேர் கீழதானுங்க இருக்குது."

அப்படியானால் எலும்புப் பட்டையைத் தேய்த்த அன்று இந்த அறையிலும் டீச்சர் வீட்டு ஈரம்தான்! செங்கோடன் பின் அறையின் தரையைப் பார்த்தான். பிறகு அதன்மேல் கிடந்த கிட்டார்களைப் பார்த்தான். குனிந்து கைக்கெட்டிய ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"முந்தி குடியிருந்தவரு, அந்தச் சூட்டுல மர பீரோ வெடிச்சுது, வெளிய கொண்டுபோனாக் கதவு ஊதிக்கிச்சுன்னு சண்டை கட்டிட்டுக் காலி பண்ணாருங்க" என்றார் பெரியண்ணன். "நீங்களும் அப்படிப் போயிராதீங்க. மரத்துல செஞ்சதையெல்லாம் முன் ரூமுல போட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் பின் ரூமுல படுத்துத் தூங்குங்க, அவ்வளவுதானுங்க."