பத்தாவது கடிதம்: ஹார்ப்ஸ்டரை நீக்க வேண்டாம்

டொலிடோ
திங்கள் காலை

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடமாக நம்மூர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹெரன்ஸின் சீசன் டிக்கெட்டை விடாமல் வாங்கி, அதற்குத் தண்டனையாக அத்தனை ஆட்டத்தையும் பார்த்துத் தீர்த்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் லெனர்ட் குஸ்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். நேற்றைய ஆட்டத்தைப் பார்த்த எவரும் இங்கே நலமில்லை.

இந்த சீசனில் நான் எழுதிய ஒன்பது கடிதங்களிலும் ஜெனரல் மேனேஜர் வெண்டல் ஹார்ப்ஸ்டரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒன்பதையும் வாபஸ் வாங்குகிறேன். அவர் இருக்கட்டும். மாலை நாலு மணிக்கு அணியின் முதலாளி முடிவு சொல்லப்போகிறாராம். அதற்குள் இணையப் பக்கத்திலாவது இதைப் போட்டுவிடுங்கள். என்னால் உட்கார முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. "எதுக்கு இப்படிக் கூண்டுல போட்ட கரடி மாதிரி அலையறீங்க?" என்று என் மனைவி டோலரஸ் மூன்று தடவை கேட்டாகிவிட்டது.

நடந்தது இதுதான். அணி தோற்றுக்கொண்டே போனால் காகிதப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் உட்காருவது நம் வழக்கம்தானே. நானும் அக்டோபரிலிருந்து அப்படித்தான் போகிறேன். பக்கத்து இருக்கைக்கு இந்த வருடம் புதிதாக வந்த பெரியவரும் பையோடுதான் வருவார். என்னமாய்த் திட்டுவார் மனிதர்! புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும்போது முதல் வாய்ப்பு நமக்குக் கிடைத்தும், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற ஆட்டத்துக்குப் போயும் போயும் உதைக்க மட்டுமே தெரிந்த ஒருவனை ஹார்ப்ஸ்டர் எடுத்தாரே, அவன் நேற்று மூன்று முறை உதைத்து, கோல் கம்பங்களுக்கு நடுவே போகாமல் மூன்றும் கம்பத்தில் பட்டதும் பெரியவர் பொங்கிவிட்டார். "அஞ்சு வயசுலயே இப்படித்தாங்க. ஷூ வாங்கக் கூட்டிட்டுப் போனா தொப்பியோட வருவான்." உதைக்கிறவனா என்று கேட்டேன். "அவன் இல்லீங்க, மேனேஜர்" என்று பையைக் கழற்றினார். டிவியில் பார்க்கிற அதே மூக்கு, இருபத்தைந்து வயது கூட. "ஆர்வில் ஹார்ப்ஸ்டர். அவனைப் பெத்தவன்." என் பையின் நெற்றியில் "ஹார்ப்ஸ்டரே, ஓடிப்போ" என்று கொட்டை எழுத்தில் இருந்ததா, அவசரமாகப் பையைப் பின்பக்கம் திருப்பிவிட்டேன். ஓட்டையும் பின்னால் போய்விட்டது. அந்தக் கால்மணி நேரத்தில் எதிரணி பதினாலு புள்ளி எடுத்ததாம், எனக்குத் தெரியாது.

மகன் பக்கத்தில் இருக்கலாமென்று இந்தியானாவில் வீட்டை விற்றுவிட்டு இங்கே குடிவந்தவர் ஆர்வில். மகனை நீக்கினால் அவன் வேறு ஊர், இவரும் பின்னாலேயே. முப்பத்தொரு வருடத்தில் பக்கத்து இருக்கையிலிருந்து என்னைப் பேசவிட்ட முதல் ஆள் ஐயா இவர். சாசேஜில் பாதியைப் பிட்டுத் தருவார். அணி எப்படியும் தோற்கத்தான் போகிறது, சேர்ந்து திட்ட ஒரு துணை வேண்டாமா? இதை நான் டோலரஸிடம்கூடச் சொல்லவில்லை.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. இந்தக் குளிர்காலம் லேசாகக் கழியட்டும். நம் ஆள் உதைக்கும்போது கம்பங்கள் விலகி வழிவிடட்டும்.

இப்படிக்கு,
லெனர்ட் குஸ்மா

பி.கு.: சந்தோஷப்படுவாரென்று ஆர்விலுக்குப் போன் போட்டு இதைப் படித்துக் காட்டினேன். கத்திவிட்டார். "ஏய்யா குஸ்மா, உன்னை யாருய்யா எழுதச் சொன்னது? தேங்க்ஸ்கிவிங் விருந்துல அவன் நாற்காலி ஆறு வருஷமா காலியாக் கிடக்கு. கேட்டா ஆட்டம்பான், மீட்டிங்பான். அவனுக்கு வேலை போகணும்னுதான்யா நான் பை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்! இன்னிக்கு நீக்கினா, வியாழக்கிழமை விருந்துல வான்கோழியை அவன் கையால வெட்டுவான். நீயும் உன் வீட்டம்மாவும் வந்துடுங்க." ஆகவே ஆசிரியர் அவர்களே, மேலே "இருக்கட்டும்" என்றிருப்பதை "போகட்டும்" என்று மாற்றிப் போடவும். நாலு மணிக்குள். விருந்துக்கு என்ன கொண்டுபோவதென்று டோலரஸ் கேட்கிறாள். காகிதப் பை மட்டும் வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.