வாசல் வரை வந்த தாத்தா

பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தாக்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை விமானத்தில் போய் இறங்கும், பெட்டியை ஓரமாக வைக்கும், குழந்தையைத் தூக்கிக்கொள்ளும். இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாம் வகை வீட்டையே ஓட்டிக்கொண்டு போகும். கட்டில், அடுப்பு, குளியலறை, மடக்கு நாற்காலிகள், மனைவி எல்லாவற்றையும் ஒரு பேருந்து நீள வண்டிக்குள் ஏற்றி, அதற்கு ஆர்.வி. என்று பெயர் சொல்லி, மலையேற்றத்தில் தனக்குப் பின்னால் ஓர் ஊர்வலத்தையே சேர்த்துக்கொண்டு, எதிரே அதே மாதிரி இன்னொரு வண்டி வந்தால் மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்தி மரியாதை செய்து, மாநிலம் மாநிலமாகக் கடந்துபோகும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேத்தியைப் பார்க்க என்று கண் கலங்கச் சொல்லும். நம்புங்கள், பொய்யில்லை. போவது பேத்தியைப் பார்க்கத்தான். போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

நமக்கு அகப்பட்ட உதாரணம், அமெரிக்காவில் மின்னசோட்டாக்காரரான வெர்லின் ஹாகன். வேலையில் இருந்த காலமெல்லாம் மாவட்டச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஏரிக்கரை வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கினார். மனைவி ஆர்லிஸ் பள்ளி நூலகத்தில் இருந்தவர். ஒரே மகள் பிரிட்டா, மருமகன் ஜோயல், எட்டு வயதுப் பேத்தி மாரென் ஆகிய மூவரும் ஐடஹோவில் இருக்கிறார்கள். வெர்லினுக்கு ஒரு கொள்கை உண்டு. எல்லா உறவுக்காரர்களிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

"நாங்க யாருக்கும் பாரமா இருக்க மாட்டோம். எங்க படுக்கை எங்க கூடவே வருது."

பாரமாக இல்லாதவருக்கு என்னென்ன வேண்டும் தெரியுமா? புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருமகனுக்குத் தொலைபேசி வரும்.

"ஜோயல், உங்க வாசல் சரிவு எவ்வளவு இருக்கும்?"

"சரிவா? அளந்ததில்லயே வெர்லின். மழை பெஞ்சா தண்ணி ரோட்டுக்கு ஓடிடும்."

"எந்தப் பக்கமா ஓடும்?"

"அது... தண்ணி எப்படி ஓடுமோ அப்படி."

"சரி விடு, நான் வந்து பாத்துக்கறேன். அந்த மேப்பிள் மரத்துக் கிளை இன்னும் தாழத்தான் தொங்குதா?"

"அதுலதான் மாரெனுக்கு ஊஞ்சல் கட்டியிருக்கு."

"முழுசா வெட்டச் சொல்லலப்பா. கொஞ்சம் கழிச்சு விட்டாப் போதும்."

கிளை கழிக்கப்பட்டது. ஊஞ்சல் கொல்லைப்புறத்துக்குப் போய், கட்ட இடமில்லாமல் சுருட்டி வைக்கப்பட்டது. பிறகு பக்கத்து வீட்டாரிடம் குப்பைத் தொட்டியை ஒரு வாரத்துக்கு நகர்த்திக்கொள்ள அனுமதி, தோட்டத்துக் குழாய்க்குப் புது வாய், மின்சாரத்துக்குத் தடித்த கம்பி. எல்லாம் பேசி முடித்துப் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்க வெர்லின் நினைத்தபோது அழைப்பு முடிந்துபோயிருந்தது.

பேத்தி எப்படி இருக்கிறாள் என்பது ஆர்லிஸுக்குத் தெரியும். மாரென் தனியாக அவரைக் கூப்பிட்டிருந்தாள். பள்ளியில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாத்தா பாட்டி நாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு, பெயர் எழுதி ஒட்டி, வந்தவர்களை எழுந்து நின்று அறிமுகம் செய்ய வேண்டும். போன வருஷம் மாரெனின் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒரு மலைக்கணவாயின் இறக்கம் பிரேக்குக்கு நல்லதல்ல என்று வெர்லின் சுற்றுவழியில் வந்து சனிக்கிழமை சேர்ந்தார். ஒரு நாற்காலியில் ஆசிரியையே உட்கார்ந்துகொண்டாராம். இரண்டாவதில் மாரென் தன் புத்தகப்பையை வைத்தாளாம்.

"இந்த வருஷம் வந்துருவீங்கல்ல பாட்டி?"

"வந்துருவோம் கண்ணு."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

ஆர்லிஸ் எதற்கும் எளிதில் வாக்குக் கொடுப்பவர் அல்ல. கொடுத்துவிட்டு, கணவரைக் கெஞ்சி ஒரு வாரம் முன்னதாகவே கிளப்பினார்.

இந்த இனத்துக்கு உறவு என்பது வழியில் உள்ள நிறுத்தம். தங்கை, சித்தப்பா மகன், பழைய அண்டை வீட்டார் எல்லாரும் வாசலின் அகலத்தையும் சரிவையும் வைத்தே தரம் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். தெற்கு டகோட்டாவில் இருக்கும் ஆர்லிஸின் தங்கை கார்லிஸைப் பற்றி வெர்லின் சொல்வது இது: "தங்கமான பொண்ணு. ஆனா வாசல் சரியில்ல." ஆகவே வண்டி தெருவோரம் நின்றது. தெருவோரம் நின்றதால் வெர்லினும் தெருவோரமே நின்றார். கார்லிஸ் வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"வெர்லின், உள்ள வா. சூப் ஆறுது."

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

"யாரு தூக்கிட்டுப் போகப் போறா? அத ஒரு எட்டு நகத்தவே உனக்கு அரை நாள் ஆகுது."

வெர்லின் சிரித்தார். இது பாராட்டு என்று அவருக்குப் பட்டது. அக்காவும் தங்கையும் ஒரு வருஷத்துப் பேச்சைச் சூப்போடு சேர்த்து அவசரமாக விழுங்கினார்கள். தெருவிலிருந்து எஞ்சின் உறுமல் கேட்டதும் ஆர்லிஸ் எழுந்துகொண்டார். வழிக்கு என்று கார்லிஸ் கொடுத்த உப்புக்கண்டத்தை வெர்லின் அடுத்த மாநில எல்லை வரை மென்றுகொண்டே, "நல்லா ரெண்டு வார்த்த பேசுனமாதிரி இருந்துச்சு" என்றார்.

மாலையில் முகாம். அங்கே இந்த இனத்தை அதன் இயல்பான சூழலில் பார்க்கலாம். முன்பின் தெரியாத இரண்டு பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் பெயரை ஒருவர் கேட்காமலே, கழிவுத்தொட்டியின் கொள்ளளவு, எதிர்காற்று, எந்த ஊரில் பெட்ரோல் மலிவு என்று மனம் விட்டுப் பேசுவார்கள். பேரப்பிள்ளைகள் படத்தையும் காட்டுவார்கள். படத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் வண்டி இருக்கும். கேட்பவர் வண்டியைப் பற்றித்தான் கேட்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி மகள் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தது. ஆர்லிஸுக்கு மூச்சு வந்தது. ஒரு ராத்திரி கையில் இருக்கும்போதே வந்துவிட்டார்கள்! மாரென் படியில் நின்று குதித்தாள். கையில் ஏதோ படம் வரைந்த காகிதம்.

"கண்ணு, அங்கயே நில்லு! வண்டி பின்னால வருது!"

இப்போது சடங்கு. ஆர்லிஸ் இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் கணவர், பின்னால் நின்று கை காட்டுகிறவர் மனைவி. திருமணத்தில் எது தாங்கும், எது தாங்காது என்பது இந்தப் பத்தடி தூரத்தில் தெரிந்துவிடும்.

"இடது! இன்னும் இடது!"

"யாரோட இடது?"

"உன்னோட இடது வெர்லின்!"

"நான் திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்கேன், இப்ப எனக்கு இடதுன்னா எது?"

"நிறுத்து! தபால் பெட்டி!"

தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் பியர் பாட்டிலோடு வெளியே வந்து நின்றார்கள். ஒருவர் நாற்காலியே கொண்டுவந்தார். தபால் பெட்டி பிழைத்தது. வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி கராஜ் கதவுக்கு ஒரு கையகலம் இருக்கும்போது நின்றது. வெர்லின் இறங்கி அந்த இடைவெளியைப் பார்த்துப் பூரித்தார். "பாத்தியா, என்னா ஒட்டு!"

அதோடு முடிந்ததா? வண்டி சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வந்தது. முன் சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கி, மறுபடி ரசமட்டம், கட்டை மாற்றம். கடைசியில் உள்ளே போய் மேஜைமேல் ஒரு முட்டையை வைத்துப் பார்த்தார். முட்டை உருண்டது. மறுபடி கட்டை. மாரென் படத்தை நீட்டிக்கொண்டு மூன்று தடவை வந்தாள். "இதோ கண்ணு, ஒரே நிமிஷம்." முட்டை உருளாமல் நின்றபோது அவளைத் தூங்க அனுப்பிவிட்டிருந்தார்கள். தன் அறையைத் தாத்தா பாட்டிக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, கதவில் 'வருக' என்று எழுதி ஒட்டி, கூடத்து சோபாவில் படுத்திருந்தாள். ஆர்லிஸ் அந்த அறை ஜன்னலைப் பார்த்தார்.

"வெர்லின், இன்னிக்கு ஒரு நாள் உள்ள..."

"அவங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? நம்ம படுக்கை நம்மகிட்ட இருக்கே."

காலையில் மகளும் மருமகனும் தெருவில் நிறுத்தியிருந்த மகளின் காரில் விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாரென் பள்ளிக்குப் போனாள். பெரியவர்களுக்கு என்று ஜோயல் தன் காரைக் கராஜில் விட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆர்லிஸ் நல்ல உடுப்புப் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, கராஜ் கதவைத் திறந்தார். கார் இருந்தது. அதற்கு முன்னால் அவர்களுடைய வண்டி, சுவர்போல.

"வெர்லின், கார் உள்ள இருக்கு."

"ஆமா, நமக்காக விட்டுட்டுப் போயிருக்கான். நல்ல பையன்."

"நம்ம வண்டி வெளிய இருக்கு."

வெர்லின் காரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். நேற்று அவர் மெச்சிய இடைவெளியைப் பார்த்தார்.

"பரவால்ல, வண்டியிலயே போயிடலாம். பத்து நிமிஷம் குடு."

"வேண்டாம், நடந்துருவோம். அந்தப் புல்வெளியத் தாண்டுனா பள்ளிக்கூடம்."

"இவ்வளவு பெரிய வண்டிய வச்சுக்கிட்டு நடக்கறதா?"

அவருடைய பத்து நிமிஷம் எப்படிப்பட்டது என்று ஆர்லிஸுக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயைக் கழற்ற வேண்டும்; கழற்றினால் சுருட்ட வேண்டும்; சுருட்டுமுன் ஈரம் வடிய வேண்டும்; மின்கம்பி, ஜாக்கி, கட்டைகள், உள்ளே இடம் கூட வெளியே தள்ளிய பக்கச் சுவரை மறுபடி இழுப்பது, படிக்கட்டை மடிப்பது, அலமாரிக் கதவுகளைப் பூட்டுவது, பூட்டினோமா என்று பார்ப்பது; இதில் ஒன்று முறை மாறினாலும் முதலிலிருந்து. ஆர்லிஸ் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் நடக்கறேன்."

வெர்லினின் கையில் குழாய் அப்படியே நின்றது. "அப்ப பின்னால யாரு நிக்கிறது?"

"நீ முன்னாடிதானே வரப்போற வெர்லின். முன்னாடி வா."

வகுப்பறை நாற்காலிகள் முழங்கால் மோவாயில் இடிக்கிற உயரம். 'பாட்டி ஆர்லிஸ்' என்று எழுதியதில் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் 'தாத்தா வெர்லின்.' மாரென் அதைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து அறிமுகம் செய்துகொண்டிருந்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. வெளியே ஒரு நீண்ட வெள்ளைச் சுவர் மெல்ல நகர்ந்து போயிற்று. பள்ளிப் பேருந்துகள் வளைந்து திரும்பும் பாதைக்குள் நுழைந்து, பாதி வளைவில் நின்றது. முன்னால் கொடிக்கம்பம், பின்னால் பூச்செடி. ஹார்ன் ஒன்று நீளமாக ஒலித்தது. பின்னால் வந்து நில் என்பதற்கான ஹார்ன். ஆர்லிஸின் கால் தானாக எழப் பார்த்தது.

"அது யாரோட வண்டி?" என்றார் ஆசிரியை மிஸஸ் லார்க்கின்.

அடுத்தது மாரெனின் முறை. அவள் எழுந்து நின்றாள்.

"இது எங்க பாட்டி ஆர்லிஸ். எங்க தாத்தாவும் வந்திருக்காரு. வெளிய வண்டிய நிறுத்திக்கிட்டு இருக்காரு."

மறுபடி ஹார்ன். இந்த முறை இரண்டு. ஆர்லிஸ் எழவில்லை. காலை நாற்காலிக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பேத்தி நீட்டிய படத்தை இரு கையாலும் வாங்கினார்.

கடைசியில் காவலாளியும் இரண்டு பேருந்து ஓட்டுநர்களும் சேர்ந்து வண்டியைத் திருப்பி வெளியே விட்டபோது வகுப்பில் பிஸ்கட்டும் பழரசமும் தீர்ந்து நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் வெர்லின்தான் பேசினார். உருளைக்கிழங்கு ஆறும்வரை அந்த வளைவைக் கத்தி, கரண்டி வைத்து மேஜைமேல் கட்டிக் காட்டினார். "ஒரு கீறல் விழல! ஒண்ணே ஒண்ணுகூட!" பிறகு பேத்தி பக்கம் திரும்பினார். "தாத்தா உன் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது சந்தோஷந்தானே மாரென்?"

மாரென் யோசித்தாள். நியாயமான பிள்ளை.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் இருந்துச்சு தாத்தா."

"அதத்தான் நானும் சொல்றேன்!" என்றார் வெர்லின். "அந்த வளைவ மட்டும் ஒழுங்காப் போட்டிருந்தா..."

சாப்பிட்டு முடித்ததும் ஆர்லிஸ் வண்டிக்குள் போய்த் தன் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, பேத்தியின் அறைக்குள் போனார். வெர்லின் வாசலில் ரசமட்டத்தோடு நின்றிருந்தார். அவர் அதைப் பிறகுதான் கவனித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் அப்படி ஒரு வண்டி இல்லை என்ற தைரியம். சரி, போன தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போய் இறங்கியதும் முதலில் என்ன சொன்னீர்கள்? எந்த பைபாஸில் வந்தீர்கள், எந்தச் சுங்கச்சாவடியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதையா, வேறெதையாவதா? அவள் தட்டில் இரண்டாவது இட்லி வைத்தபோது கார் நிழலில் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தவர் யார்? தெருப் பிள்ளைகள் கையை வைத்துவிடப் போகிறார்கள் என்று பாதியில் எழுந்து போனவர் யார்? அடுத்த முறை போகும்போது ஒன்று செய்யுங்கள். இறங்கி நேரே உள்ளே போங்கள். கார் அங்கேதான் நிற்கும்.

என்ன, பூட்டினோமா என்று இப்போதே திரும்பிப் பார்க்கிறீர்களே?