தொடுகிற திரை, திரும்புகிற திரை, தரையில் நான்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவது மரியாதை. என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் நலம் என்று தொடங்குவது உண்மை. பத்திரிகைக்குச் செய்தி எழுதியே தலை நரைத்தவன் என்பதால் இரண்டையும் பதிவு செய்துவிட்டேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், உன் கேமராக் கடையில் வெறுமனே விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களின் கூட்டம் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். நீ அனுப்பிய இரண்டு கேமராக்களும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று இந்தக் கடிதத்தோடு உன்னிடம் திரும்பி வருகிறது. எது, ஏன் என்பதை நடந்தது நடந்தபடி சொல்கிறேன். நடுவில் உன் அக்காவைப் பற்றி ஏதாவது வந்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. அது செய்தி.

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவிலிருந்து அவள் ஓய்வு பெற்றதிலிருந்து, அவளுக்கு நோயாளி என்று மிஞ்சியவன் நான் ஒருவன்தான். ஒரு பிரிவையே மேய்த்தவளுக்கு ஒற்றை முழங்கால் எந்த மூலைக்குப் போதும்? பால் கொண்டு வருகிறவரின் நிற்கிற நிலையைத் திருத்துகிறாள். தபால்காரரின் பையை மறு தோளுக்கு மாற்றிவிட்டுத்தான் தபாலைக் கையில் வாங்குகிறாள். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம், "முதுகை நிமித்தி உக்காரும்மா" என்கிறாள். மாடிவீட்டுக்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் ராணுவ வீரர் மாதிரி நடக்கிறார், தாண்டியதும் பழையபடி வளைந்துகொள்கிறார். இப்படி இருக்கையில்தான் பழைய ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டரம்மா போன் செய்தார். வீட்டுக்குப் போகிற நோயாளிகள் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடுகிறார்கள், பார்த்துப் பார்த்துச் செய்வதற்கு வீடியோக்கள் தயாரிக்க ஓர் ஆள் தேவை, நீங்கள் ஒரு மாதிரி எடுத்து அனுப்புங்கள், உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர் ஒருவரும் அனுப்புகிறார், பார்த்துவிட்டு ஒருவருக்குக் கொடுக்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டு உன் அக்கா காய் நறுக்கப் போனாள். காய் தீர்ந்த பிறகும் வெறும் பலகையை நறுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு போன் போட்டேன். அந்த வேலை வேண்டும் என்று அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள். எனக்கு அந்த வெட்கம் கிடையாது. அவளுக்கு வேலை கிடைத்தால் என் முழங்காலுக்கு விடுதலை.

அன்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அத்தான், ஒண்ணு தொடுற திரை, ஆனா இருந்த இடத்தை விட்டு அசையாது. இன்னொண்ணு எந்தப் பக்கம் வேணா திரும்பும், ஆனா தொட்டா ஒண்ணும் நடக்காது. ரெண்டையும் அனுப்பறேன். ஒத்து வர்றதை வச்சுக்கிட்டு மத்ததை அனுப்பிடுங்க." தொடவும் தொடலாம், திருப்பவும் திருப்பலாம் என்று ஒன்று இல்லையா என்று கேட்டேன். "இருக்கு அத்தான். அக்காகிட்ட கேட்டேன், அதுதான் வேணாம்னுச்சு. ஒரே கேமராவுல ரெண்டு வழியிலயும் நீங்க கை வச்சுக் கெடுப்பீங்களாம்."

திரும்புகிற திரையை முதலில் எடுத்தோம். எனக்கு அதன் மேல் பார்த்தவுடனே சந்தேகம். கீல் வைத்த எந்தப் பொருளும் எங்கள் வீட்டில் முழு ஆயுள் இருந்ததில்லை. "மூக்குக் கண்ணாடி, சூட்கேஸு, தபால் பெட்டி, எதை உருப்படியா வச்சீங்க? குடுங்க இப்படி" என்று உன் அக்காவே வாங்கி, திரையைப் பக்கவாட்டில் விரித்து, முகம் தெரியும்படி தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். படம் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டாம், எடுக்கப்படுகிறவரே தன்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதானே அந்தத் திரையின் பெருமை. அந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது. தன்னைப் பார்த்தவள் முதலில் தலைமுடியைச் சரி செய்தாள். அடுத்து, தனக்குப் பின்னால் திரையில் தெரிந்த பீரோவைத் துடைத்தாள். பிறகு பீரோவுக்கு மேல் தெரிந்த என் பழைய செய்தித்தாள் கட்டுகள் கண்ணில் பட்டன, அவற்றுக்காக என்னைத் துடைத்தாள். ஒருவழியாக நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, பயிற்சியைச் சொல்லி முடித்ததும் போட்டுப் பார்த்தோம். சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் கண் லென்ஸில் இல்லை, பக்கத்தில் விரிந்திருந்த திரையில், அதில் தெரிந்த பீரோவின்மேல் இருந்தது. பீரோவுக்கு மூட்டுவலி வந்து அதற்கு இதமாக எடுத்துச் சொல்வது போல இருந்தது.

"நான் யாரைப் பாத்துப் பேசறேன்?"

"பீரோவை."

"உங்ககிட்ட பேசறதுக்கு அது எவ்வளவோ மேல். சொல்றதை நின்னு கேக்குது."

ஆகவே தொடுதிரைக் கேமராவை எடுத்தோம். நான் பின்னால் நின்று பிடிப்பது, அவள் லென்ஸைப் பார்த்துப் பேசுவது என்று ஏற்பாடு. இங்கே என் விரலைப் பற்றிச் சொல்லவேண்டும். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துப் பழகிய விரல் அது. வரிக்குக் கீழே அது ஓடாவிட்டால் எனக்கு ஓர் எழுத்தும் ஏறாது. மருந்துச் சீட்டானாலும் சரி, உன் கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, விரல் வைத்துத்தான் படித்தேன். கேமராத் திரையையும் அப்படித்தான் படித்தேன். முழங்கால் படத்துக்குள் வருகிறதா என்று முழங்காலைத் தொட்டேன். வெளிச்சம் கூடுதலோ என்று ஜன்னலைத் தொட்டேன். ஜன்னலில் திரைச்சீலை ஒருபக்கம் கோணலாகத் தொங்கியதால் அதையும் தொட்டு, அங்கேயே விரலைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விட்டேன். விரல் பட்ட இடத்தைத்தான் கேமரா துல்லியமாக எடுக்கும் என்று நீ சொன்னது, எல்லாம் முடிந்து போட்டுப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. அவ்வளவு தெளிவான திரைச்சீலையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நெசவை நூல் நூலாகப் பிரித்துவிடலாம். அதற்கு முன்னால் உன் அக்கா அளவில் ஒரு மேகம் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது.

"இதை அனுப்பினா டாக்டரம்மா திரைச்சீலைக்கு வேலை போட்டுக் குடுத்துடுவாங்க" என்றாள். இனி கேமராவுக்குப் பக்கத்தில் போனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளவேண்டும் என்று உத்தரவாயிற்று. கட்டிக்கொண்டேன்.

அடுத்தது தரையில் படுத்துச் செய்கிற பயிற்சி. கேமராவும் தரையோடு தரையாக இருந்தால்தான் கால் எவ்வளவு உயர்கிறது என்று நோயாளிக்குத் தெரியும் என்றாள். ஒரு துண்டை மடித்து அதன்மேல் கேமராவை வைத்தாள். எதிரே பாய் விரித்து, ஆதரவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போட்டாள். திரை கேமராவின் முதுகில் ஒட்டிக் கிடக்கிறது, மேலே பார்த்துத் திரும்பாது. அதில் என்ன தெரிகிறது என்று பார்க்கவேண்டுமானால் பார்க்கிறவன் தரைக்குப் போகவேண்டும். போனேன். போவது ஒன்றும் கஷ்டமாக இல்லை, பாதிக்கு மேல் அது தானாகவே நடந்துவிட்டது. குப்புறப் படுத்து, உத்தரவுப்படி கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, கண்ணாடியை மேஜைமேல் விட்டுவிட்டதால் முகத்தைத் திரைக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோனேன். மூக்கு எதன்மேலோ பட்டது. மெல்லிதாக ஒரு சத்தம் கேட்டது. கேமரா பெருமூச்சு விடுகிறது என்று நினைத்தேன்.

எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆரம்பிக்கலாம், நான் எழுந்துகொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னதில் கடைசிப் பகுதி மட்டும் நடக்கவில்லை.

"என்னங்க, தூக்கமா?"

"தூங்கல. எழுந்திருக்க முடியல."

பதறிக்கொண்டு ஓடிவந்து தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தாள், ஆனால் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையை வைத்து, வீட்டில் எனக்கு வாய்க்காத ஒரு குரலில் பேசினாள். ஆஸ்பத்திரியில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

"அவசரமே இல்ல. எங்கயாவது புதுசா வலிக்குதா? இல்லையா, சரி. நல்லா மூச்சு விடுங்க. இப்ப மெதுவா ஒரு பக்கமா புரளுங்க."

"எந்தப் பக்கம்?"

"உங்களுக்கு எது வசதியோ அந்தப் பக்கம்."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து என் வசதியைக் கேக்கறது இதான் முதல் தடவை."

"கையை ஊணுங்க, வழக்கை அப்புறம் வச்சுக்கலாம். ஆச்சா? இப்ப நாலு கால்ல வாங்க. அந்த நாற்காலிகிட்ட போங்க. தினம் பயிற்சி பண்றேன்னு சொன்னீங்களே, என்ன பண்ணினீங்க?"

"மனசுக்குள்ள பண்ணினேன்."

"மனசு நல்லா எழுந்து நிக்குமே இப்ப. நாற்காலியில ரெண்டு கையையும் வைங்க. நல்ல காலை முன்னாடி வச்சு, பாதத்தை முழுசா ஊணுங்க."

"ரெண்டுல நல்ல கால் எது?"

"கம்மியா புலம்பற கால். ம், இப்ப கையால அழுத்தி எழுந்திருங்க. அப்படியே திரும்பி உக்காருங்க. எழுந்தவுடனே நடக்கக்கூடாது. கொஞ்ச நேரம் உக்காந்து மூச்சு வாங்கணும். அவ்வளவுதான். பாத்தீங்களா, யாரும் தூக்கல. நீங்களாத்தான் எழுந்தீங்க."

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தக் கேமராவை ஓரமாக எடுத்து வைத்து, திரும்புகிற திரைக் கேமராவையே மறுபடியும் கொண்டுவந்தாள். இந்தத் தடவை திரையைத் தன் பக்கம் திருப்பவில்லை. கேமராவைத் துண்டின்மேல் வைத்து, திரையை மட்டும் மேல்பார்த்து விரித்தாள். நான் ஸ்டூலில் ராஜா மாதிரி உட்கார்ந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவன் போலக் குனிந்து பார்த்தேன். அவள் கண் லென்ஸில், என் கை என்னிடம், திரைச்சீலை அதன் மரியாதையில். வீடியோ கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். எந்த மெமரி கார்டில் எது இருக்கிறது என்ற குழப்பத்தில் இரண்டு கேமராவின் கார்டுகளையும் டாக்டரம்மாவின் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். உன் கடைக்கு வருகிற யாராவது தொடுகிற திரையா, திரும்புகிற திரையா என்று கேட்டால், முதலில் அவருடைய முழங்காலைப் பற்றி விசாரி. கால் நன்றாக இருப்பவர் எதை வேண்டுமானாலும் வாங்கட்டும். மற்றவர்களுக்குத் திரும்புகிற திரைதான். மனிதன் தரைக்குப் போவதைவிடத் திரை மனிதனைப் பார்த்துத் திரும்புவதுதான் நாகரிகம். தொடுதிரைக் கேமராவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி இதோடு அனுப்புகிறேன். அதன் திரையில் மூக்குத் தடம் இருந்தால் துடைத்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, விரல் வைக்காமல் வாசிக்கக் கற்று, முதுகு வளையாமல் நெடுநாள் வாழ என் ஆசிகள். உன் அக்காவும் ஆசி சொல்லச் சொன்னாள். கூடவே, போனைக் குனிந்து பார்க்காமல் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும் சொன்னாள்.

இப்படிக்கு,
கூடிய விரைவில் விடுதலையாகப் போகிற உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது டாக்டரம்மாவின் போன் வந்துவிட்டது. உன் அக்காவுக்குத்தான் வேலை. கேட்டவுடன் அவள் மறுபடியும் சமையலறைக்குப் போனாள், இந்தத் தடவை பலகையில் காய் இருந்தது. ஆனால் தேர்வானது ஸ்டூலில் உட்கார்ந்து நான் எடுத்த வீடியோ அல்ல. தொடுதிரையில் பட்டு என் மூக்கு எடுத்தது. நான் தவழ்ந்து நாற்காலிக்குப் போனதிலிருந்து மூச்சு வாங்கியதுவரை, பேச்சோடு சேர்த்து, ஒன்று விடாமல் அந்தக் கார்டில் இருந்திருக்கிறது. "அந்தப் பயிற்சியாளர் நல்லாத்தான் பண்ணியிருக்காரு, ஆனா அவரால எல்லாமே முடியுது, பாத்தா என் நோயாளிங்களுக்குப் பயம் வந்துடும். அவங்க வீட்டுல தனியா விழுந்துட்டா எப்படி எழுந்திருக்கறதுன்னுதான் பயப்படறாங்க. இதைப் பாத்தா பயம் போயிடும், சிரிச்சுக்கிட்டே எழுந்துடுவாங்க. உங்க வீட்டுக்காரரா நடிக்கிற அந்தப் பெரியவர் யாரு, எங்க புடிச்சீங்க? எல்லா வீடியோவுலயும் அவரே இருக்கட்டும்" என்றாராம். நான் ஒட்டி வைத்து அவள் பிரித்துவிட்ட பெட்டியையும், கிழிந்த டேப்பையும் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். "தொடுற கேமராவே இங்க இருக்கட்டும், திருப்பறதைத் தம்பிக்கு அனுப்பிடுங்க" என்கிறாள் உன் அக்கா. தீர்ப்பை எழுதி முடித்துவிட்டேனே, திரும்புகிற திரைதானே எல்லாவற்றுக்கும் வசதி என்றேன். "அதான் வேணாம். அது இருந்தா நீங்க ஸ்டூல்ல உக்காந்துக்குவீங்க. இதுன்னாத்தான் கீழ படுப்பீங்க." எனவே மேலே கண்ட தீர்ப்பில் கேமராக்களின் பெயர்களை மட்டும் இடம் மாற்றிப் படித்துக்கொள். என் கையெழுத்து கோணலாக இருப்பதைத் தப்பாக நினைக்காதே, அடுத்த பாடத்துக்கு ஒத்திகை என்று பாயை விரித்துவிட்டாள், தரையில் வைத்து எழுதுகிறேன். பேனாவை வாங்கிக்கொள்ளக் கை நீட்டுகிறாள். "அவசரமே இல்ல" என்கிறாள், அந்தக் குரலில். "இப்ப மெதுவா ஒரு பக்கமா புரளுங்க."